மருத்துவன் பாட்டும் மரக்கலத்துப் பறவையும்

"எல்லாத்தையும் பெருமாள்கிட்ட விட்டுடு. அவன் பார்த்துப்பான்." இந்த வார்த்தையைக் கேட்காத வீடு நம்ம ஊர்ல இருக்காது. சில வருஷங்களுக்கு முன்னால் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் கால் விரலில் புண் வந்தது. விரலை எடுத்தாகணும்னு டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பெரியப்பாவும் இதையேதான் சொன்னார். கூடவே சாட்சிக்கு ஒரு பாசுரத்தையும் எடுத்தார். குலசேகர ஆழ்வார் பாடிய மருத்துவன் பாட்டு. "ஆழ்வாரே சொல்லிட்டாரு. கொடுத்தவனே தீர்ப்பான். கத்தி எதுக்கு?"

எனக்கு அப்போ பதில் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாட்டிலேயே கத்தி இருக்கிறது! கத்தி வைத்தும் சூடு போட்டும் வைத்தியம் பார்க்கிற மருத்துவன் மேல் நோயாளிக்கு அன்பு குறைவதில்லை என்பதுதான் அதன் உவமை. கத்தி வேண்டாம்னு சொல்ல இந்தப் பாட்டையா எடுப்பார்கள்? அன்றிலிருந்து அந்தப் பதிகத்தைத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். என் குறிப்புகளின் சுருக்கம் இது.

பெருமாள் திருமொழியில் மொத்தம் 105 பாசுரங்கள், 10 பதிகங்கள். நான் சொல்வது ஐந்தாம் பதிகம். வித்துவக்கோட்டுப் பெருமாளைப் பாடியது. அந்தத் தலம் கேரளத்தில், பாரதப்புழைக் கரையில், பட்டாம்பிக்குப் பக்கத்தில் இருப்பதாக வைணவ மரபு கொள்கிறது. இதற்கு முந்தைய பதிகத்தில் ஆழ்வார் ஆசைகளை அடுக்குகிறார்: திருவேங்கடத்தில் குருகாகப் பிறக்கணும், மீனாக, செண்பக மரமாக, கோயில் படியாகக் கிடக்கணும். ஐந்தாம் பதிகத்துக்கு வந்தால் அந்த அடுக்கு நின்றுவிடுகிறது. நீ துயரத்தைத் தீர்க்காவிட்டாலும் எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்றுதான் தொடக்கமே. கடைசிவரை அந்தத் துயரம் தீர்ந்ததாக ஒரு பாசுரம்கூட இல்லை. இதை முதலில் கவனிக்கணும்.

ஒன்பது பாசுரங்களில் ஒன்பது உவமைகள். கோபத்தில் தள்ளிவிட்ட தாயையே நினைத்து அழும் குழந்தை. பிறர் இகழும்படி நடந்துகொண்ட கணவனை விடாத மனைவி. கவனிக்காமல் துன்பம் செய்யும் அரசனை நம்பி வாழும் குடிமக்கள். மருத்துவனும் நோயாளியும். நடுக்கடலில் கப்பலின் பாய்மரத்துக்கே திரும்பும் பறவை. நெருப்பு சுட்டாலும் மலராமல் சூரியனுக்கே மலரும் தாமரை. வானம் மறந்துபோன காலத்திலும் மேகத்தையே பார்த்து நிற்கும் பயிர். எங்கே ஓடினாலும் கடலிலேயே போய்ச் சேரும் ஆறுகள். கடைசியில் செல்வம்.

இப்போது முதல் நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலிலும் காப்பாற்ற வேண்டியவனே வலி தருகிறான். ஆனால் நல்லதுக்காக வலி தருவது மருத்துவன் ஒருவன்தான். தாய் கோபத்தில் தள்ளுகிறாள். கணவன் இழிவாக நடக்கிறான். அரசன் திரும்பியே பார்ப்பதில்லை. இந்த மூன்றுக்கும் ஆழ்வார் ஒரு நியாயமும் சொல்லவில்லை. மருத்துவன் பாட்டை மட்டும் தனியே பிய்த்து எடுத்தால், உன் கஷ்டமெல்லாம் கடவுள் உனக்குச் செய்யும் வைத்தியம் என்ற ஆறுதல் கிடைக்கும். பதிகத்தை முழுசாகப் படித்தால் அந்த ஆறுதல் நிற்காது. துயரம் நல்லது என்று ஆழ்வார் சொல்லவே இல்லை. அது ஏன் வந்தது என்று தெரியாவிட்டாலும் நான் போவதில்லை என்கிறார். இரண்டும் வேறு வேறு.

இங்கே எனக்கு ஒரு மனத்தடையும் உண்டு. கணவன் உவமையையும் அரசன் உவமையையும் இன்று அப்படியே விழுங்க முடியாது. பாடியவர் சேர நாட்டு அரசர் என்கிறது மரபு. எவ்வளவு துன்பம் கொடுத்தாலும் குடிமக்கள் அரசனையே நம்பியிருப்பார்கள் என்று ஒரு அரசர் பாடினால், கேட்கிற குடிமகனுக்குச் சுருக்கென்று இருக்காதா? அடி வாங்கும் பெண்ணிடம், "ஆழ்வாரே சொல்லியிருக்காரு, பொறுத்துப் போம்மா" என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். உவமை ஒருவழிப் பாதை. தெரிந்த உறவைக் காட்டித் தெரியாத உறவைப் புரியவைப்பது அதன் வேலை. அதைத் திருப்பிப் போட்டு, கடவுளிடம் காட்ட வேண்டிய நம்பிக்கையை மனிதனுக்குக் கொடு என்று கேட்பது பாட்டைப் படிப்பதாகாது. ஆனாலும் அந்த இரண்டு பாசுரங்களும் அவை பிறந்த காலத்தின் வாசனையோடுதான் இருக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை.

என்னைப் பிடித்து நிறுத்திய உவமை பறவைதான். அது பாய்மரத்திலேயே உட்கார்ந்திருக்கும் பறவை இல்லை. பறந்து போய், நாலு பக்கமும் கரை தேடி, காணாமல் திரும்பி வந்த பறவை. அதன் நம்பிக்கை தேடி முடித்த பிறகு வந்தது. வைணவர்கள் இதை அநந்யகதித்வம் என்பார்கள், வேறு கதியில்லாமை. மற்றவற்றையும் பாருங்கள். நோயாளி மருத்துவனிடம் போயிருக்கிறான். ஆறு ஓடுகிறது. பயிர் மேகத்தைப் பார்க்கிறதே தவிர, வேரைப் பிடுங்கிக்கொண்டு படுத்துவிடவில்லை. விட்டுவிடு என்பதற்குச் சும்மா இரு என்று இந்தப் பதிகத்தில் எங்கும் அர்த்தம் வரவில்லை.

பின்னால் வந்த ஆசாரியர்கள் சரணாகதியை அலசி ஆராய்ந்தார்கள். குட்டி தாயைப் பிடித்துக்கொள்ளும் குரங்கு வழி வடகலைக்கு, தாயே குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் பூனை வழி தென்கலைக்கு என்று சொல்வது வழக்கம். இந்தப் பதிகத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. பறவை குரங்குக்குட்டி மாதிரி, பயிர் பூனைக்குட்டி மாதிரி. ஆனால் சரணடைந்தவனுக்கும் இந்த உடம்போடு வந்த பிராரப்த வினை அனுபவித்துத்தான் தீரணும் என்பது மரபிலேயே சொல்லப்பட்டது. சரணாகதியின் பலன் மோட்சம். விரல் புண் ஆறும் என்ற உத்தரவாதம் அதில் கிடையாது. பதிகத்தின் பலச்ருதியும், இதை ஓதுகிறவர்கள் நரகம் போகமாட்டார்கள் என்று மட்டும் சொல்லி முடிகிறது.

கடைசி உவமையை மட்டும் ரொம்ப நாள் தப்பாகப் படித்திருந்தேன். செல்வத்தை வேண்டாமல் இறைவனையே வேண்டுகிறவனைத் தேடிச் செல்வம் தானாக வரும். இதைத் துறவுக்குக் கிடைக்கும் பரிசாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஆனால் ஆழ்வார் தன்னை ஒப்பிடுவது அந்தப் பக்தனோடு இல்லை, செல்வத்தோடு! தன்னைத் திரும்பியும் பார்க்காதவன் பின்னால் செல்வம் போவது போல நான் உன் பின்னால் வருகிறேன் என்கிறார். நீ என்னை வேண்டாவிட்டாலும் சரி என்பதுதான் இதன் உள்ளே இருப்பது. 'அவன் பார்த்துப்பான்' என்ற நம் சமாதானத்திலிருந்து இது எவ்வளவு தூரம்!

மறுநாள் காலையில் அப்பாவிடம் மருத்துவன் பாட்டைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "கத்தி அதுலயே இருக்கேடா. அண்ணா அதைக் கவனிக்கலை போல," என்றார். அப்புறம், "ஆட்டோ கூப்பிடு."

இரண்டு விரல் போச்சு. புண் ஆற நாலு மாசம் ஆனது. அந்த நாலு மாசமும் அப்பா தினம் காலையில் பெருமாள் படத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, இந்தப் பதிகத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை சொல்வார். சொல்லி முடித்ததும் மாத்திரை டப்பாவை எடுக்கச் சொல்வார். பெரியப்பா இன்றும் பெருமாள்தான் காப்பாற்றினார் என்கிறார். நான் மறுப்பதில்லை. மருத்துவன் பாட்டை மட்டும் சொல்லாதீங்க, பத்தையும் சேர்த்துச் சொல்லுங்கன்னு மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.