கடல்கட்டியும் கற்பின் காவலும்

பெண்ணின் ஆற்றல் யாது என்னும் வினாவுக்கு மரபு தரும் விடை கற்பு என்பதாகும். அவ்விடை ஆற்றலைச் சுட்டுகின்றதா, சுமையை ஏற்றுகின்றதா என்பதைக் கடற்றொழில் சார்ந்த இரு படைப்புக்களின் வழியே நோக்குதல் வேண்டும். அதற்கு உரைகல்லாக அமைவது மன்னார்ப் பகுதியின் கொண்டச்சிக் கரை.

கொண்டச்சியின் முத்துக்குளிப்பினை றொபேட் பேர்சிவல் 1803இல் வெளிவந்த தமது நூலில் விவரித்துள்ளார். சுறாவைக் கட்டும் மந்திரவாதிகள் இன்றிச் சுழியோடிகள் கடலில் இறங்கார். அம்மந்திரவாதிகளுக்கு அரசாங்கமே ஊதியம் வழங்கிற்று. நோன்பு காக்கவேண்டிய அவர்கள் கள்ளருந்தியதையும் அவர் குறிப்பிடுவார். 1859இல் எமர்சன் தெனன்ற் எழுதிய நூலில் இவர் 'கடல்கட்டி' எனப்படுகின்றார். பரம்பரையாக வந்த அப்பதவியை அன்று வகித்தவர் கத்தோலிக்கர். அவர் நோயுற்றபோது, மந்திரம் அறியாத ஒருவர் பதிலாளாக வந்தார். அதுவே போதுமெனக் கொள்ளப்பட்டது. ஆண் செய்தபோது காவல் ஒரு தொழில்: கூலியுண்டு, ஓய்வுண்டு, பதிலாளுண்டு.

இலங்கைக் கடற்கரையைக் களமாகக் கொண்டு 1863இல் பாரிஸில் அரங்கேறிய ஜோர்ஜ் பிசேயின் 'முத்துக்குளிப்போர்' இசைநாடகத்தில் இக்காவல் லெய்லா என்னும் கன்னிக்கு உரியதாகின்றது. முகத்திரையிட்டுப் பாடி அவள் சுழியோடிகளைக் காத்தல் வேண்டும். விரதங் காத்தால் சிறந்த முத்து அவளுக்கு, தவறினால் மரணம். ஆயின் ஈற்றில் அவளை மீட்பது விரதமன்று. சிறுமியாயிருந்தபோது, கத்திமுனையிலும் காட்டிக்கொடாது அவள் ஒருவனைக் காத்தாள். அத்துணிவுக்குப் பரிசாக அவன் அளித்த மாலையே அவளை மீட்கின்றது.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' (1956) இதே கருத்தைக் கேரளக் கரையிற் காட்டுகின்றது. கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலிலிருக்கும் கணவனின் உயிர் என்பது அக்கரையின் நம்பிக்கை. கறுத்தம்மா பரீக்குட்டியைச் சந்திக்கும் இரவில், பழனி சுறாவைத் தூண்டிலிட்டுச் சுழியில் மாள்கின்றான். முடிவு நம்பிக்கையை மெய்ப்பிப்பது போலத் தோன்றினும், நாவல் தரும் வாழ்க்கை விவரங்கள் அதனை மறுக்கின்றன. மனைவியைப் பற்றிய வதந்தியால் தோழர்கள் விலக்கியமையாலேயே பழனி தனித்துக் கடலுக்குச் செல்கின்றான். அவனைக் கொன்றது அவளது பிழை என்பதிலும் ஊரின் விலக்கு என்பதே பொருந்தும். தகழி இக்காரணத்தை வரைந்து காட்டினார். முடிவில் அதனைத் தொன்மத்துக்கு விட்டுக்கொடுத்தார்.

இது நூலோடு நின்றுவிடும் செய்தியன்று. கள்ளருந்திய மந்திரவாதி ஊதியம் பெற்றான். கடலிற் கணவனை இழந்தவளோ பழியைப் பெறுகின்றாள். ஓடத்தின் பழுதும் கடன் நெருக்கடியும் விசாரணையின்றித் தப்பிவிடுகின்றன. 2009இல் முடிவுற்ற போரிலே துணையை இழந்து, குடும்பச்சுமை தாங்கும் பெண்கள் வாழும் மன்னார்க் கரையில் இவ்வுண்மை மனங்கொள்ளத்தக்கது. பெண்ணைச் சக்தியென்று போற்றும் சமூகம் கடல்கட்டிக்கு வழங்கியவற்றையேனும் அவளுக்கு வழங்கியதா? உழைப்புக்கு ஊதியம், தளர்ந்தபோது ஓய்வு, தவறினும் உயிர்வாழும் உரிமை ஆகியனவே ஆற்றலின் அடிப்படைகள். லெய்லாவின் துணிவைப் போற்றுவோர் முதலில் அவளது முகத்திரையை நீக்குதல் வேண்டும்.