‘பச்சை’ என்னும் பெயர்க்கூறு: ஆரோக்கியப்பச்சையின் மொழிபெயர்ப்பு குறித்து

நெய்யாறு அகத்தியமலையில் தோன்றி நெய்யாற்றின்கரை வழியே கடலை அடைகிறது. அம்மலைப் பகுதியில் வாழும் காணிக்காரர், 1956-இல் எல்லை வகுக்கப்பட்டபின் கேரளம், தமிழ்நாடு என்னும் இரு மாநிலங்களுக்கு உரியவராயினர். அவர்தம் மருத்துவ அறிவை உலகறியச் செய்தது ஆரோக்கியப்பச்சை என்னும் செடி. 1987-இல் மலையேறிய ஆய்வாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணியர் இதன் காயைத் தின்று களைப்பின்றி நடந்ததைக் கண்டனர். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இச்செடியைக் கொண்டு ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் வழங்கியது. வருவாயில் சரிபாதி காணியர்க்கு என முடிவாயிற்று. அதற்கான அறக்கட்டளை 1997-இல் பதிவாயிற்று.

இப்பெயரை ஆங்கில நூல்கள் ‘என்றும் பசுமையான உடல்நலம் தருவது’ என்னும் பொருள்பட மொழிபெயர்க்கின்றன. இது பொருந்துவதன்று. ‘என்றும்’, ‘தருவது’ என்பவற்றுக்குரிய உருபு எதுவும் இத்தொகையில் இல்லை. பச்சை என்பதற்குச் செழுமைப் பொருளும் உண்டே எனின், உண்டு. ஆயினும் செடிப்பெயரின் ஈற்றில் அது வகைப்பெயராகவே நிற்கிறது. தமிழில் திருநீற்றுப்பச்சை, மலையாளத்தில் கம்யூனிஸ்ட் பச்ச ஆகியன சான்றுகள். பின்னது வேற்று நாட்டிலிருந்து வந்து பரவிய களைச்செடி. அதனை ‘என்றும் பசுமையான பொதுவுடைமை’ என எவரும் பெயர்ப்பதில்லை. எனவே ‘உடல்நலச் செடி’ என்பதே நேர்பொருள் எனலாம். பாறசாலை எல்லைச் சிற்றூர்களில் இருமொழியும் பேசுவோர்க்கு இவ்வமைப்பு விளக்கம் வேண்டாதே புலப்படும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. காணியர் அறிந்தது, நடைவழியில் பறித்துத் தின்னும் காய். மருந்துக்குப் பயன்பட்டதோ இலை. மிகைப்பட்ட மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டை மறைத்து, வரையறையுடைய ஒரு பயன்பாட்டை எல்லையற்ற நலத்தின் வாக்குறுதியாக்கி விடுகிறது. விளம்பரத்திற்கு அது உதவலாம். அறிவு யாருடையது, எத்தகையது என்பதை நிறுவ உதவாது.

2001-இல் தொடங்கப்பட்ட மரபறிவு மின்னூலகம் ஏட்டு மருத்துவத்தை ஐந்து உலக மொழிகளில் பெயர்த்துள்ளது. ஏடேறாத வாய்மொழி அறிவுக்குப் பெயரே முதற்சான்று. பருவம் பிறழும் இந்நாளில் எச்செடி எங்கு, எப்போது கிடைக்கும் என்னும் அறிவும் அப்பெயரோடு சேர்த்தே தொகுக்கப்பட வேண்டும். ஆதலின் சொற்றொகுப்பாளர் பெயரையும் பொருளையும் மட்டும் இணையாக எழுதி அமையாது, பயன்படும் உறுப்பு, பருவம், இடம், வழங்குவோர் ஆகியவற்றையும் குறித்தல் இன்றியமையாதது.