உலக உருண்டையை ரசிப்பது எப்படி?

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் கண்டங்களின் பெயர்களைக் கற்றுக்கொள்ளலாம். அவை ஒன்றுக்கொன்று எங்கே, எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதைக் கற்க அது போதாது. 1569இல் மெர்கேட்டர் கடலோடிகளுக்காக வகுத்த வரைபட முறை, திசை பிசகாமல் இருக்கப் பரப்பளவை விட்டுக்கொடுத்தது. அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. கண்டங்களின் அமைப்பை ரசிக்க ஓர் உலக உருண்டையும் ஒரு நூலும் வேண்டும்.

தீர்க்கரேகையில் விரலை ஓட்டுங்கள்

நியூயார்க்கில் விரலை வைத்து நேர் தெற்கே இறக்குங்கள். தென் அமெரிக்காவின் நடுப்பகுதிக்குப் போகும் என்றுதான் எதிர்பார்ப்போம். விரலோ கொலம்பியாவின் பொகோட்டாவைத் தொட்டு, கண்டத்தின் மேற்கு ஓரமாகவே இறங்கும். பசிபிக் கரையை ஒட்டிய சிலி நாட்டின் தலைநகர் சாண்டியாகோகூட நியூயார்க்குக்குக் கிழக்கேதான் இருக்கிறது. தென் அமெரிக்கா அவ்வளவு தூரம் ஆப்பிரிக்காவை நோக்கித் தள்ளி அமைந்திருக்கிறது.

அடுத்து கன்னியாகுமரியிலிருந்து இறங்குங்கள். வழியில் ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்ற இரு சின்னஞ்சிறு பிரெஞ்சுத் தீவுகள். மற்றபடி 8,000 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர்தான். அதன் பிறகு அண்டார்டிகா. விரல் சேரும் இடத்துக்குச் சற்று மேற்கே, 2012இல் தொடங்கப்பட்ட இந்திய ஆய்வு நிலையமான ‘பாரதி’ இருக்கிறது.

நூலை இழுத்துப் பிடியுங்கள்

துபாயில் ஒரு முனை, லாஸ் ஏஞ்சல்ஸில் மறு முனை. நூலை இறுக்கினால் அது மேற்கு ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் விட்டுவிட்டு, ஈரான், ரஷ்யா வழியாக ஏறி, வடதுருவத்தின் அருகே கடந்து, கனடாவில் இறங்கும். தட்டையான படத்தில் இரு கோடிகளில் கிடக்கும் ஆசியாவும் வட அமெரிக்காவும் உருண்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள். பெரிங் நீரிணையில் அவற்றுக்கு இடையே சுமார் 85 கிலோமீட்டர்தான். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் நூலின் 1 செ.மீ. ஏறத்தாழ 425 கிலோமீட்டர். பிடித்த ஊர்களுக்கு இடையே நீங்களே அளந்து பார்க்கலாம்.

அடியிலிருந்து பாருங்கள்

உருண்டையைக் கவிழ்த்துத் தென்துருவத்தை நடுவில் வையுங்கள். அண்டார்டிகாவைச் சுற்றி ஒரே நீர்வளையம்; அட்லாண்டிக், இந்திய, பசிபிக் பெருங்கடல்கள் மூன்றும் அங்கே கலக்கின்றன. குறுக்கே நிலமே இல்லாததால் அண்டார்டிகாவைச் சுற்றும் நீரோட்டம் தடையின்றி உலகை வலம் வருகிறது. மற்றக் கண்டங்களில் அதை மிக அருகே நெருங்குவது தென் அமெரிக்காவின் முனைதான்.

நேர் எதிர்ப்புறம் தேடுங்கள்

அட்சரேகையின் எண்ணை அப்படியே வைத்து வடக்கைத் தெற்காக்குங்கள். தீர்க்கரேகையை 180இலிருந்து கழித்துக் கிழக்கை மேற்காக்குங்கள். 27 வடக்கு, 71 கிழக்கில் உள்ள ஜெய்சல்மருக்கு எதிர்ப்புறம் 27 தெற்கு, 109 மேற்கு. அங்கே ஈஸ்டர் தீவு! ஸ்பெயினுக்கு எதிரே நியூசிலாந்து வரும். இந்தியாவின் பிற பகுதிகளுக்கோ பெரும்பாலும் பசிபிக்கின் வெறும் தண்ணீரே வரும். அந்தப் பெருங்கடல் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் உறைக்கும்.

விளிம்புகளைப் பொருத்துங்கள்

பிரேசிலின் புடைப்பையும் ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவையும் மனத்தில் சேர்த்துப் பாருங்கள். கண்டங்கள் நகர்ந்தவை என்று ஆல்ஃபிரட் வெகனர் 1912இல் சொன்னபோது இந்தப் பொருத்தமும் அவருக்குச் சான்றாக இருந்தது. நம் கிழக்குக் கரையும் பாரதி நிலையம் உள்ள கிழக்கு அண்டார்டிகாவும் அப்படி ஒட்டியிருந்தவையே; ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. குளோசாப்டெரிஸ் என்ற தாவரத்தின் இலைப் புதைபடிவங்கள் இரு நிலங்களிலும் கிடைத்திருக்கின்றன.

இனி செய்தியில் ஓர் ஊரின் பெயர் வந்தால், அது எந்த நாட்டில் என்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு நேர் தெற்கே என்ன? நூல் பிடித்தால் அண்டை யார்? எதிர்ப்புறம் எது? இந்த மூன்று கேள்விகளையும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டால், பூகோளத்தை அவர்கள் மனப்பாடம் செய்யவே வேண்டியிராது.