தபரீயின் ஏட்டில் பக்தாதின் தெருக்காவலர்

இமாம் தபரீயின் பெருவரலாற்றைப் புரட்டுவோர், கலீஃபாக்களின் அரியணை ஏற்றங்களையும் படைத்தலைவர்களின் வெற்றி தோல்விகளையும் தேடிச் செல்வதே வழக்கம். ஹிஜ்ரீ 201ஆம் ஆண்டுக்குரிய ஏடுகளுக்கு வருகின்றவர்களும், மஃமூன் தமக்குப்பின் அலீ அர்-ரிளா அவர்களை வாரிசாக அறிவித்த பெருஞ்செய்தியிலேயே மனத்தைப் பறிகொடுத்துவிடுகின்றனர். அதே ஆண்டின் நிகழ்ச்சிகளுள் பக்தாதின் தெருக்களைப் பற்றிய சில பக்கங்களும் உள. அந்நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் அவை ஒன்று என்பது நம் துணிபு. அவற்றை ஆய்ந்தோர் பலரும் அவற்றின் உயிர்நிலையைத் தொடாது போயினர் என்பதும் நம் கருத்தே.

பின்னணியைச் சுருங்கச் சொல்வோம். ஹாரூன் ரஷீதின் மக்கள் அமீன், மஃமூன் இருவருக்கும் 811இல் மூண்ட போர், ஓராண்டுக்கு மேல் நீண்ட பக்தாத் முற்றுகையாய் முதிர்ந்து, 813இல் அமீன் கொலையுண்டதோடு ஒருவாறு ஓய்ந்தது. வென்ற மஃமூனோ தலைநகருக்கு வரவில்லை. 818 வரை குராஸானின் மர்வு நகரைச் சூழ்ந்தே ஆட்சி நடத்தினார். இராக்கில் அவர் சார்பில் அமர்ந்த ஹஸன் இப்னு ஸஹ்லைப் பக்தாத் மக்கள் ஏற்கவில்லை. அப்பாஸியக் குடும்பத்து மன்ஸூர் இப்னுல் மஹ்தீயிடம் கலீஃபா பதவியை நீட்டினர். அவர் அதனை மறுத்து, மஃமூனின் பெயரால் அமீராக இருக்க மட்டும் இசைந்தார். பெயருக்கு ஆட்சி இருந்தது. தெருவில் அது இல்லை.

இவ்விடத்தில்தான் தபரீயின் எழுத்து தனிச்சிறப்புப் பெறுகின்றது. “கொடுமை பெருகிற்று” என்று ஒரே வரியில் அவர் கடந்து போகவில்லை. ஹர்பிய்யாப் பகுதியின் போக்கிரிகள் பெண்களையும் சிறுவரையும் பட்டப்பகலில் கவர்ந்து சென்றதையும், குத்ரப்புல் ஊரைச் சூறையாடிய பொருளை நகரின் அங்காடியிலேயே கூவி விற்றதையும், உடைமையாளர் முறையிட்டும் அதிகாரிகளால் ஒன்றையும் மீட்டுத்தர முடியாமற் போனதையும் எழுதுகின்றார். அதற்கும் மேலாக, ‘கிஃபாரா’ என்னும் காவற்கூலி நடைமுறையை விளக்குகின்றார். ஒருவன் தோட்டக்காரரிடம் வருவான், ‘உம் தோட்டம் இனி என் காவலில் உள்ளது, தீங்கு செய்வோரை நான் தடுப்பேன், மாதந்தோறும் எனக்கு இத்தனை திர்ஹம் தரவேண்டும்’ என்பான். மறுக்க வழியில்லை. கொள்ளையனின் வாயிலும் ‘காவல்’ என்ற சொல்லே இருந்தது என்பதை வாசகர் ஊன்றி நோக்க வேண்டும். அடுத்து வருவதன் பொருளெல்லாம் இதனைச் சார்ந்தே நிற்கின்றது.

அடுத்து வருவோர் இருவர். அன்பார் சாலைப் பகுதியைச் சேர்ந்த காலித் அத்-தர்யூஷ் தம் அண்டை அயலாரையும் மஹல்லாவாசிகளையும் திரட்டினார். நன்மையை ஏவித் தீமையை விலக்குவோம் என்றார். போக்கிரிகளைப் பிடித்துக் கட்டினார், அடித்தார், சிறையிலிட்டு ஆட்சியாளரிடம் ஒப்படைத்தார். ஆட்சியைக் குறைகூற அவர் முனையவில்லை. சில நாள்களுள் குராஸானைச் சேர்ந்தவரும் ஹர்பிய்யாவில் வாழ்ந்தவருமான ஸஹ்ல் இப்னு ஸலாமா அல்-அன்ஸாரீ, கழுத்தில் முஸ்ஹஃபைத் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்தார். திருமறைக்கும் ஸுன்னத்துக்கும் மாறு செய்வோர் ஆட்சியாளராயினும் பிறராயினும் எதிர்ப்பேன் என்றார். பைஅத் அளித்தோர் பெயர்களைப் பதிவேட்டில் எழுதினார். கிஃபாராவை ஒழிக்கத் தெருத்தெருவாக நடந்தார். இவ்வாறு எழுந்தோரையே வரலாறு ‘முதத்தவ்விஆ’, அதாவது தாமே முன்வந்த தொண்டர், என்று குறிக்கின்றது.

இருவரையும் அடுத்தடுத்து நிறுத்திய தபரீ, யார் சரி என்று தீர்ப்புக் கூறவில்லை. இக்காலத்தவருக்கு அந்தப் பொறுமை இல்லை. ஐரா லாபிடஸ் 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அரசும் சமயமும் பிரியத் தொடங்கிய கதையின் முக்கியக் கட்டமாக ஸஹ்லின் இயக்கத்தைக் காண்கின்றார். பின்னாளைய ஹன்பலீ எதிர்ப்புணர்வுக்கு அதனை முன்னோடியாக்குகின்றார். வில்ஃபர்ட் மாடலுங் 1990இல் அந்த ஹன்பலீத் தொடர்பையே கேள்விக்குள்ளாக்கினார். இருவரும் பேரறிஞர், இருவரின் உழைப்பும் போற்றற்குரியது. ஆயினும் ஸஹ்ல் எந்தக் கொள்கைக்குத் தந்தை என்று தேடும் ஆர்வத்தில் தோட்டக்காரர் மறைந்து போகின்றார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு காவல். காலிதும் ஸஹ்லும் அதனைக் கூலியின்றித் தர முன்வந்தனர். மக்கள் அவர்களிடம் திரண்டதற்குக் கொள்கையைவிட இதுவே நெருங்கிய காரணமாயிருத்தல் வேண்டும் என நாம் எண்ணுகின்றோம்.

காவலர் பக்கமும் களங்கமற்றதென்று தபரீ காட்டவில்லை. ஸஹ்லைப் பின்பற்றியோர் தம் வீட்டு வாயில்களில் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் கோபுரங்கள் எழுப்பி, அவற்றில் ஆயுதங்களையும் முஸ்ஹஃபுகளையும் வைத்தனர் என்கின்றார். இவ்வொரு சித்திரத்துக்காகவே அப்பக்கங்களை மீண்டும் மீண்டும் படிக்கலாம். ஆயுதமும் வேதமும் ஒரே மாடத்தில்! எதிர்வீட்டார் அதனைப் பார்த்து நிம்மதியுற்றாரா, நடுங்கினாரா? நூலில் விடை இல்லை. இது வரலாற்றாசிரியரின் குறையே. தெருவில் நின்றோரை இத்துணை நுட்பமாய்க் கண்டவர், கதவுக்குப் பின்னிருந்தோரை நம்மிடம் பேசவிடவில்லை.

அக்குறையின் விளைவு முடிவில் தெரிகின்றது. ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. இதற்குள் இப்ராஹீம் இப்னுல் மஹ்தீ பக்தாதில் கலீஃபாவாக அறிவிக்கப்பட்டிருந்தார். அவருடைய படைத்தலைவர் ஈஸா இப்னு முஹம்மத், ஸஹ்லை நேரே வெல்ல இயலாமல், சந்துகளின் மக்களுக்கு ஆயிரம், இரண்டாயிரம் திர்ஹம் எனக் கொடுத்து வழிவிடச் செய்தார். சந்துகள் திறந்தன. ஸஹ்ல் ஆயுதத்தை எறிந்துவிட்டு வேடிக்கை பார்த்தோருடன் கலந்து மறைந்தார், அன்றிரவே பிடிபட்டார். ‘நான் அழைத்ததெல்லாம் பொய்’ என்று மக்கள்முன் சொல்லுமாறு பணிக்கப்பட்டு வெளியே கொண்டுவரப்பட்டவர், முன்பு அழைத்ததற்கே இப்போதும் அழைக்கின்றேன் என்றார். அடி விழுந்தது, சிறை வாய்த்தது. சந்துவாசிகள் ஏன் விலைபோயினர்? பேராசை என்று எளிதில் சொல்லிவிடலாம். போரும் பஞ்சமும் கண்ட ஊரில், எல்லாக் காவலரிடத்தும் அவர்கள் சலித்துப்போயிருக்கவும் கூடும். தபரீ தொகையைச் சொல்கின்றார், காரணத்தைச் சொல்லவில்லை.

முப்பது ஆண்டுகள் தாண்டி, ஹிஜ்ரீ 231க்குரிய ஏட்டில், அஹ்மத் இப்னு நஸ்ர் அல்-குஸாஈயின் கொலை வருகின்றது. குர்ஆன் படைக்கப்பட்டதெனும் கொள்கையை ஏற்க மறுத்த அவரைக் கலீஃபா வாஸிக் தம் கையாலேயே வெட்டினார். அவர் யாரென அறிமுகப்படுத்தும்போது, 201இல் ஸஹ்ல் மேற்குக் கரையில் நின்ற நாளில் கிழக்குக் கரை மக்கள் பைஅத் அளித்தது இவருக்கே என்று தபரீ போகிறபோக்கில் குறிப்பிடுகின்றார். அன்று தெருவைக் காத்தவரின் தலை, இன்று அதே நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இரண்டு ஏடுகளையும் இணைத்துப் படிக்கும் வேலையை அவர் வாசகரிடமே விட்டுவிட்டார்.