அச்சத்தின் உழைப்பு: 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' திரைப்படத்தில் காடும் கேமராவும்

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகில் படங்களுக்குச் சான்றாகத் தொடர்ந்து சுட்டப்பெறுவது, 1999இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்'. டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் ஆகியோர் இயக்கிய இப்படத்தில், சூனியக்காரி ஒருத்தியைப் பற்றிய கதைகளை ஆவணப்படமாக்க அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் காட்டிற்குள் செல்லும் மூன்று மாணவர்கள் திரும்புவதில்லை. அவர்கள் எடுத்த காட்சிகளே படமாக விரிகின்றன. சூனியக்காரி ஓரிடத்தும் தோன்றுவதில்லை. காட்டாமலே அச்சுறுத்தும் இவ்வுத்தி போதிய அளவு பாராட்டப்பெற்றுவிட்டது. அவ்வச்சத்தை உண்டாக்கியவர் யார் என்னும் வினா அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை.

நடிகர்களான ஹெதர் டொனஹூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜோஷுவா லியோனார்ட் ஆகியோரே வீடியோ கேமராவையும் 16 மி.மீ. கேமராவையும் இயக்கினர். கதைச்சுருக்கம் மட்டுமே இருந்தது. உரையாடலை அவர்களே அவ்வப்போது அமைத்துக்கொண்டனர். நாள்தோறும் எழுத்துவழிக் குறிப்புகள் கிடைத்தன. உணவின் அளவு நாளுக்கு நாள் குறைக்கப்பட்டது. இரவில் இயக்குநர்களே கூடாரத்தருகே ஒலியெழுப்பி அச்சுறுத்தினர். ஆகவே திரையில் தெரியும் சோர்வையும் பசிச் சினத்தையும் நடிப்பு என்று மட்டும் வகைப்படுத்த இயலாது.

காடும் பழைய திகில் படங்களின் இருண்ட காடன்று. இலையுதிர்காலத்தில் மெலிந்து நிற்கும் மரங்களிடையே பகலொளி தாராளமாக விழுகிறது. வரைபடத்தை ஓடையில் உதைத்துத் தள்ளிவிட்டதாக மைக் சிரித்தபடி ஒப்புக்கொள்ளும் காட்சியும், பகல் முழுதும் தெற்கு நோக்கி நடந்தவர்கள் ஓடையின் குறுக்கே கிடக்கும் அதே மரத்தை மீண்டும் அடையும் காட்சியும், தொங்கும் குச்சிப் பாவைகளைவிட ஆழமாக அச்சுறுத்துகின்றன. எத்திசையும் ஒன்றுபோல் இருப்பதே இக்காட்டின் கொடுமை. (இடைப்பகுதிப் பூசல்கள் அளவுக்கு மீறி நீள்வதையும் மறுப்பதற்கில்லை.)

முகத்தின் ஒரு பகுதி மட்டுமே சட்டகத்துள் அடங்க, ஹெதர் மன்னிப்புக் கோரும் காட்சியில் நடிகரே ஒளிப்பதிவாளர், அவரே உரையாசிரியர். விளம்பரமோ நடிகர்களின் உண்மைப் பெயர்களையே பயன்படுத்தி, அவர்களைக் காணாமற்போனவர்களாக அறிவித்தது. படம் உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. புதிய 'பிளேர் விட்ச்' படம் அறிவிக்கப்பட்ட 2024இல், உரிய தொடர் ஊதியம் வழங்குமாறு அம்மூவரும் வெளிப்படையாகக் கோரினர்.