பக்கத்துச் சிலுவை

ஓரெழுத்து, ஒரே ஓர் எழுத்து. 'கா'!

தமிழறிந்தாரைக் கேளுங்கள், பொருள் சொல்வர். கா என்றால் சோலை; கா என்றால் காப்பாற்று. நன்னூல் படித்த மாணவன், 'ஓரெழுத்தொருமொழி' என்று ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவான். 1972ஆம் ஆண்டு பிறந்து, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலே, பிரவுன்ஸ்வில் என்னும் வறியோர் வட்டாரத்திலே வளர்ந்து, அந்நகரத் தீயணைப்புப் படையிலே இருபதாண்டு பணியாற்றிக் கேப்டனாக உயர்ந்து, எரிகின்ற வீட்டுக்குள் நுழைவதையே தொழிலாகக் கொண்டிருந்த கருப்பினக் கவிஞர் ஒருவர், பாட்டுலகில் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரும் அதே 'கா'! இயற்பெயர் கசீம் ரயன். காப்பவருக்குக் கா என்று பெயர்! தமிழை எண்ணி அவர் வைத்த பெயரல்ல, தற்செயல்தான். எதிலும் விதியின் விரலைக் காணும் வேலை நமக்கெதற்கு? தற்செயலென்றே கொள்வோம். பொருத்தத்தைக் கண்டு புன்னகை செய்வதைப் பகுத்தறிவு தடுக்கவில்லை.

அந்தக் கா, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் 'தி தீஃப் நெக்ஸ்ட் டு ஜீசஸ்'. ஏசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்வன்! அதே ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். கடைசித் தொகுப்பாகிவிட்ட அந்த இசைத்தொகுப்பைப் பற்றியே இந்தக் கட்டுரை.

"ராப் பாட்டுக்கா திறனாய்வு? அது இசையா, இரைச்சலா?" என்று ஆசிரியர் ஓய்வறையிலே நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். சினமில்லை எனக்கு. தெருக்கோடித் தேநீர்க் கடையில் அலறும் பாட்டை மட்டும் கேட்டவர் வேறென்ன சொல்வார்? ஆனால், இரைச்சல் என்று இகழப்பட்ட ஒன்று எங்கே பிறந்தது, எவர் வயிற்றிலே பிறந்தது என்று கேட்காமல் தீர்ப்பெழுதுவது நமக்கு அழகா, தோழர்களே?

1973, ஆகஸ்டு 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. செட்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். பள்ளி திறக்கப் போகிறது. புத்தாடை வாங்கப் பணம் வேண்டும். அதற்காகச் சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு நடன விருந்து வைத்தாள். இசைத்தட்டுச் சுழற்றியவர் அவளுடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க். பாட்டின் நடுவே பாடுவோர் ஓய்ந்து, தாளம் மட்டும் தனித்து முழங்குமே, அந்தச் சில நொடிகளில்தான் இளைஞர் துள்ளி ஆடினர். கண்டார் ஹெர்க். ஒரே இசைத்தட்டில் இரண்டு படி வாங்கினார். ஒன்றில் தாளம் முடியுமுன் மற்றொன்றில் அதே தாளத்தைத் தொடங்கினார். நொடிகள் நிமிடங்களாயின. இசைக்கருவி வாங்க வழியற்றவர்கள் இசைத்தட்டுச் சுழலியையே இசைக்கருவியாக்கிய கதை அது! அந்தத் தாளத்தின் மேல் பேச்சு ஏறியது, பேச்சு பாட்டாயிற்று. 1982ஆம் ஆண்டு கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரின் 'தி மெசேஜ்' வெளிவந்தபோது, இடிந்த குடியிருப்பின் நாற்றமும் நடுக்கமும் பாட்டிலே ஏறியமை கண்டு நாடே திகைத்தது. அதன்பின் வணிகர் வந்தனர்; பொன் வந்தது, பொய்யும் வந்தது. அது தெரிந்த கதை, விட்டுவிடுவோம்.

தெரியாத கதை ஒன்றுண்டு. 'அண்டர்கிரவுண்ட்' என்று அந்நாட்டார் அழைக்கும் நிலவறைப் பாவாணர் கதை. கம்பெனி ஃபுளோ என்ற மூவர் 1997இல் தந்த 'ஃபன்க்ரஷர் பிளஸ்', முகமூடி கழற்றாத எம்.எஃப். டூம் 1999இல் தந்த 'ஆப்பரேஷன் டூம்ஸ்டே', படங்களிலெல்லாம் முகத்தை மறைத்துக்கொள்ளும் பில்லி வுட்ஸ் 2019இல் தந்த 'ஹைடிங் பிளேசஸ்' எல்லாம் இந்த வரிசை. ஏன் நிலவறை? காவலருக்கு அஞ்சியா? அன்று! கணக்கருக்கு அஞ்சி! பெருங்குழுமங்கள் பாடகனுக்கு முன்பணம் கொடுக்கும். கொடையன்று அது, கடன். பதிவுச் செலவும் படச் செலவும் பாடகன் பங்கிலேயே பற்றெழுதப்படும். அத்தனையும் அடைந்த பிறகே அவன் கைக்குக் காசு வரும். பாட்டின் உரிமையோ பெரும்பாலும் குழுமத்தின் பெட்டகத்தில்! பண்ணையார் வீட்டுக் கடன்பத்திரத்தை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

கா அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. 1990களில் குழுக்களிலே சேர்ந்து முயன்றார், வெற்றி வாய்க்கவில்லை. 2008இல் 'அயர்ன் ஒர்க்ஸ்' தொகுப்பைத் தம் செலவிலேயே வெளியிட்டார். வூ-டாங் குழுவின் ஜிஸா, அதே ஆண்டு தம் 'ப்ரோ டூல்ஸ்' தொகுப்பில் அவருக்கு ஓர் இடம் தந்தார். அங்கிருந்து தொடங்கிய வரிசை சாகும்வரை நிற்கவில்லை. தாமே எழுதினார், பெரும்பாலான பாடல்களுக்குத் தாமே இசை கோத்தார், படங்களைத் தாமே இயக்கினார், மன்ஹாட்டன் தெருமுனையிலே நின்று, வந்த சுவைஞர் கைகளில் தாமே இசைத்தட்டைக் கொடுத்தார். சோறு தீயணைப்புப் படையிலிருந்து வந்தது. ஆகவே பாட்டு எவரிடமும் கையேந்தவில்லை. 2001 செப்டம்பர் 11இல் கோபுரங்கள் சாய்ந்த அன்று களத்தில் நின்ற வீரர்களுள் அவரும் ஒருவர். அப்படிப்பட்டவரைத்தான், காவல்துறைக்குப் பகையான பாடகர் என்று 2016இல் நாளேடு ஒன்று முதற்பக்கத்தில் சாடிற்று! தீயிலே இறங்கியபோது அவர் முதற்பக்கத்துக்குத் தேவைப்படவில்லை. சிந்திக்கிறார் என்றதும் தேவைப்பட்டார்.

பிரவுன்ஸ்வில் நமக்கு முற்றும் அயலூரன்று. மார்கரெட் சாங்கர் அம்மையார் 1916இல் அமெரிக்காவின் முதல் கருத்தடை மருத்துவ நிலையத்தைத் திறந்து, சில நாளிலேயே சிறைப்பட்ட இடம் அதுதான். அன்று அங்கே ஏழை யூதக் குடியேறிகளும் இத்தாலியரும் வாழ்ந்தனர். பின்னர் கருப்பின மக்கள் வந்தனர். வறுமை மட்டும் வீடு மாறவில்லை. காவின் இளமையில் போதைப்பொருளும் துப்பாக்கியும் அந்தத் தெருக்களை ஆண்டன.

அந்த ஒரே தெருவைத்தான் அவர் திரும்பத் திரும்பப் பாடினார். சலிப்புத் தட்டாதா? தட்டவில்லை, ஏனெனில் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் உவமைக்களம் அமைத்தார். 2013இல் சதுரங்கம். தலைப்பு 'தி நைட்ஸ் கேம்பிட்'. இரவு என்ற சொல்லும் சதுரங்கக் குதிரையின் பெயரும் ஆங்கிலத்தில் ஒலியால் ஒன்று, நல்ல சிலேடை. 2016இல் சப்பானியச் சாமுராய் வீரரின் மான நெறி. 2018இல் 'ஆர்ஃபியஸ் வெர்சஸ் தி சைரன்ஸ்'. கிரேக்கக் கதையில் பாடி மயக்கும் பெண்டிர் பெயரே தீயணைப்பு வண்டிச் சங்குக்கும் பெயர் என்பதை, அந்த வண்டியிலேயே வாழ்ந்தவர் எண்ணாமலா இருந்திருப்பார்? 2020இல் 'டிசெண்டண்ட்ஸ் ஆஃப் கேன்'. தம்பியைக் கொன்ற காயீனின் வழித்தோன்றல்கள், தெருவிலே ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் உடன்பிறப்புகள். சொல்லவந்ததைச் சொல்லாமல், சொன்னதன் அடியிலே வைப்பதை உள்ளுறை என்று தொல்காப்பியம் படித்த நாம் அறிவோம். குறிஞ்சிக்குப் பதில் பிரவுன்ஸ்வில், அவ்வளவே.

வடிவத்தைச் சொல்லுகிறேன். எதுகை, மோனை, இயைபு என்று கரும்பலகையில் நாள்தோறும் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பு கொட்டாவி விடுகிறது. ஆங்கிலப் பாட்டிலே பொதுவாக அடியின் கடைசியில்தான் ஒலி ஒன்றும். காவோ, அடியின் உள்ளேயே மூன்று நான்கு இடங்களில் ஒன்றச்செய்து, அதையும் சிலேடையாக்கி, அதையும் தாழ்ந்த குரலில், காதோடு பேசுவதுபோல் சொல்லிச் செல்கிறார். ஒருமுறை கேட்டால் பாதி நழுவும். தாளத்திலே பிறந்த கலையல்லவா ஹிப்ஹாப்? அந்தத் தாளத்தையே பல பாடல்களில் ஏறக்குறைய நீக்கிவிட்டார்! பிறந்த வீட்டு முரசை வெளியே வைத்துவிட்டு வந்த பிள்ளை. மேடை முழக்கத்திலே வளர்ந்த செவிகள் நம்முடையவை. குரல் உயர்ந்தால் கருத்தும் உயர்ந்ததாகக் கருதிப் பழகிவிட்டோம். எனக்கும் முதல் இரவு பொறுக்கவில்லை. பாட்டின் எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் இரவுதான் கேட்க முடிந்தது.

இனிக் கடைசித் தொகுப்பு. அது எழுப்பும் வினா ஒன்றே: விலங்கு பூட்டியவன் கொடுத்த மதம், விலங்கு பூட்டப்பட்டவனின் ஆறுதலானது எப்படி? வரலாறு இந்த வினாவுக்கு வலு சேர்க்கிறது. 1807இல் இலண்டனில் அச்சான விவிலியப் பதிப்பு ஒன்று உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே 'தேர்ந்தெடுக்கப்பட்ட' பகுதிகள். எகிப்திலே அடிமைப்பட்டோர் விடுதலை பெற்றுப் புறப்பட்ட கதை அதில் இல்லை! விடுதலையைக் கத்தரித்துவிட்டு வேதத்தைக் கொடுத்த விந்தையைப் பாருங்கள். ஆயினும் அதே மக்கள் அதே கதையை எப்படியோ கண்டெடுத்துப் பாட்டாக்கினர் என்பதும் வரலாறே. 1831இல் கிளர்ச்சி செய்த நாட் டர்னர் ஒரு போதகர். 1963இல் பர்மிங்காமின் பதினாறாம் தெருத் தேவாலயத்தில் வெறியர்கள் குண்டு வைத்து நான்கு சிறுமியரைக் கொன்றார்களே, ஏன் அந்த இடம்? உரிமைப் போராட்டம் அங்கேதான் கூடிற்று. கருப்பின மக்களின் தேவாலயம் அபினி மட்டுமன்று, அரணும் அதுவே.

இரண்டும் தெரிந்தவர் கா. ஆகவே அவர் கல்லெறியவில்லை. என்ன செய்தார்? தேவாலயப் பாடகர்களின் பழைய ஒலிப்பதிவுகளை எடுத்தார். நெஞ்சை உருக்கும் அந்தக் குரல்களையே அடித்தளமாக இட்டார். அவற்றின் மேல் நின்று, அவற்றையே கேள்வி கேட்டார். 'பிரெட் வைன் பாடி பிளட்' என்று அப்பமும் இரசமும் தலைப்பாகின்றன. 'கலெக்‌ஷன் பிளேட்' என்று காணிக்கைத் தட்டும் தலைப்பாகிறது. மேலே ஐயம் பேசுகிறது. கீழே பக்தி பாடிக்கொண்டேயிருக்கிறது. ஒன்று மற்றொன்றின் வாயை அடைக்கவில்லை.

இங்கே என் கதையைச் சொல்ல நேர்கிறது. மாலை நேரத்தில் விளக்கேற்றிப் பாடுவது என் அன்னையின் வழக்கம். கல்லூரியிலிருந்து புதிய நூல்களோடும் புதிய சினத்தோடும் திரும்பிய நான், அடுத்த அறையிலிருந்தபடியே ஒவ்வோரடிக்கும் மறுப்புரை சொன்னேன். ஒரு வாரம். பிறகு அவர் பாடுவதை நிறுத்திக்கொண்டார். வென்றேன் என்று நினைத்தேன், தோழர்களே! பாட்டுத்தான் நின்றது; நம்பிக்கை நிற்கவில்லை. நான் இல்லாத வேளை பார்த்து விளக்கேற்றினார், அவ்வளவுதான் நடந்தது. வினா ஒன்றுகூட அவர் உள்ளத்தில் முளைக்கவில்லை. பாட்டைக் கேட்டபின் வினவியிருக்க வேண்டியவன், பாட்டையே மறித்தேன். காவின் தொகுப்பிலே அந்தத் தேவாலயக் குரல்கள் எழும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அந்த அடுத்த அறைதான்.

தலைப்புக்கு வருகிறேன். சிலுவையில் கள்வர் இருவர் தொங்கினர் என்கிறது கதை. லூக்காவின் ஏட்டின்படி, ஒருவன் பணிந்தான், பரகதி பெற்றான். மற்றவனோ, நீ மீட்பனானால் உன்னையும் மீட்டு எங்களையும் மீட்கவேண்டியதுதானே என்ற பொருள்படக் கேட்டான், வசவு பெற்றான். எந்தக் கள்வனைச் சொல்கிறது தலைப்பு? கா குறிக்கவில்லை. கேட்டவனே என்று நான் கொள்கிறேன். ஆணியில் தொங்குபவன் கேட்கக்கூடிய மிக நியாயமான கேள்வி அதுவல்லவா? பணிந்தவனே என்று கொள்வாரும் இருப்பர். பாடல்கள் அதற்கும் இடம் கொடுக்கின்றன.

அந்த இடம் கொடுத்தலிலேதான் எனக்கு மனக்குறையும் உண்டு. கேள்வியை வாசல்வரை கொண்டு வருகிறார். கதவைத் திறக்கும் நேரத்தில் கையை எடுத்துவிடுகிறார். இரக்கம் காரணமாக இருக்கலாம். என்றாலும் இரண்டு மூன்று பாடல்களில் அந்த இரக்கம் தயக்கமாகவே ஒலிக்கிறது. நடுப்பகுதியிலே பாட்டுக்குப் பாட்டு ஒரே நடை, ஒரே தாழ்குரல். சதுரங்கத் தொகுப்பில் இருந்த துள்ளல் இதில் இல்லை. தேவாலயக் குரல் சில இடங்களில் அவர் சொல்லை மூழ்கடித்துவிடுகிறது. எழுத்து வடிவம் கையில் இல்லாவிட்டால் அந்த அடிகள் போயின, போயினவே.

புதிதாகக் கேட்க முனையும் தோழர்கள் இந்தத் தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம். 2020ஆம் ஆண்டுக் காயீன் தொகுப்பை முதலில் கேளுங்கள். கதை எல்லார்க்கும் தெரிந்தது, சிக்கலும் குறைவு. அடுத்துச் சதுரங்கம். கள்வன் அதற்குப் பிறகு வரட்டும். இரவிலே, ஊர் அடங்கியபின்.