உச்சி வெயிலில் ஓடாத ஃபேன்

ஏப்ரல் மாதம், காலை பதினொரு மணி. மதுரை ஆனையூரில் எங்கள் தெருவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் கண்ணைக் கூச வைக்கிறது. அந்த வீட்டுப் பெரியவரோ பனையோலை விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "இம்புட்டு வெயில் அடிக்குது, இதுக்கு என்ன தம்பி வந்துச்சு?" என்றார்.

பழுது எதுவும் இல்லை. மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் மாடியிலிருந்து கம்பிக்குப் பாயும் மின்சாரம், கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவரின் உயிரை வாங்கிவிடும். சரியான ஏற்பாடுதான். ஆனால் சோலாரை மாட்டித் தந்தவர் இதைப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சோலாரையும் பேட்டரியையும் ஒரே பொருளாக நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சோலார் பில்லைக் குறைக்கும். பேட்டரி, கரண்ட் போன நேரத்தில் கைகொடுக்கும். இரண்டுக்கும் கணக்கு வேறு.

சோலார் கணக்கைப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஓடும் வீடு, 2024 ஜூலைக் கட்டணப்படி ஏறக்குறைய 7,000 ரூபாய் கட்டுகிறது. மதுரை வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 700 யூனிட். மிச்சம் 300 யூனிட்டுக்கு எழுநூறு ரூபாய்ச் சொச்சம் கட்டினால் போதும். 500 யூனிட்டைத் தாண்டியதும் 8 ரூபாய் 55 காசு, 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய் 80 காசு என்று ஏறுகிற விலையைத்தான் சோலார் முதலில் வெட்டுகிறது. சுமார் இரண்டு லட்ச ரூபாய்ச் செலவில், 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. போட்ட பணம் நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். ஏ.சி. ஓடும் வீட்டுக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை.

அதே சோலார் தகட்டை, இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டில் வைத்துப் பாருங்கள். 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம். 2024 கட்டணப்படி அந்த வீட்டின் பில் 250 ரூபாயைத் தொடுவதில்லை. ஒரு கிலோவாட்டுக்கு மானியம் போக நாற்பதாயிரத்துக்கு மேல் செலவழித்தால், அதைத் திரும்ப எடுக்கவே முப்பது ஆண்டு ஆகும். தகட்டுக்குத் தரும் உத்தரவாதமே 25 ஆண்டுதான். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து ஓட்டு வீடுகளுக்கும், நகருக்குள் வாடகைக்குக் குடியிருப்போருக்கும் இந்த மானியத்தால் என்ன பயன்? நிழல் விழாத 300 சதுர அடி மாடி சொந்தமாக இருப்பவருக்கே அது போய்ச் சேருகிறது. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? இந்தக் குறை என்னை உறுத்துகிறது.

வெயில் கூடக்கூட மின்சாரமும் கூடும் என்பதும் தவறு. தகடு சூடேறினால் விளைச்சல் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போய்விடும். சித்திரை வெயிலில் தகடு அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும். தூசியும் புறா எச்சமும் தனி. விடிகாலையில் கழுவிவிட வேண்டும்.

இனி பேட்டரி. மதுரைக்காரர்களுக்கு 2012 மறக்காது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலம் அது. அப்போதுதான் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. சார்ஜ் ஏறவே கரண்ட் இல்லாமல் அதுவும் தவித்தது. அந்தப் பயத்தில்தான் இன்றும் பலர் பெரிய பேட்டரி கேட்கிறார்கள்.

12 வோல்ட், 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். ஆயுள் வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். விலை பதினைந்தாயிரத்துக்கு மேல், ஆயுள் நான்கைந்து ஆண்டு. தினமும் ஏறக்குறைய ஒரு யூனிட் எடுத்தாலும், அதைச் சேமித்து வைப்பதற்கே பத்து ரூபாய்போல ஆகிவிடுகிறது. பகலில் மிஞ்சுவதை இருவழி மீட்டர் வழியாக வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு, ராத்திரி திரும்ப வாங்கிக்கொள்வதே மலிவு. லித்தியம் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். முதலில் எடுத்துவைக்க வேண்டிய பணம் அதிகம். மத்திய அரசின் மானியமும் பேட்டரிக்குக் கிடையாது. ஆகவே பேட்டரியால் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், இன்சுலினைப் பிரிட்ஜில் வைத்திருக்கும் வீட்டுக்கும் அது தேவை. அந்தத் தேவைக்காக வாங்குங்கள்.

பெரியவருக்கு நான் சொன்னது, முதலில் ஃபேனை மாற்றுங்கள் என்பதுதான். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் போதும். மூன்று பழைய ஃபேன்களை நான்கு மணி நேரம் ஓட்டும் பேட்டரி, மூன்று புதியவற்றை ஒரு பகல் முழுக்க ஓட்டும். லட்சக் கணக்கில் செலவழித்து, சோலாரோடு பேட்டரியையும் இணைக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாறாமல், மூன்று ஃபேன், சாதாரண இன்வெர்ட்டர், ஒரே ஒரு பேட்டரி என்று முடித்துக்கொண்டார். அடுத்த பராமரிப்பு நாளில் மாலை கரண்ட் வரும்வரை ஃபேன் நிற்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே பேட்டரிக்குப் பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் கேன். அதன்மேல், கடைசியாக ஊற்றிய தேதியைப் பேத்தி எழுதி ஒட்டியிருந்தாள்.